சொல்லாமல் இறங்கி வந்த வீடு

தம்பி,

நீ தலைமுடி வெட்ட இல்ஃபோர்ட்டுக்குப் போயிருக்கிறாய். கீழே உன் அப்பா வாசலில் வாழைமரம் கட்டுவதற்குக் கயிறு தேடுகிறார். கயிறு அவர் கையிலேயே இருக்கிறது. குளியலறைத் தொட்டி நிறையப் பூ. இனி நாளைக் காலை அதை அள்ளும்வரை இந்த வீட்டில் ஒருவரும் சவர் எடுக்க முடியாது. நான் உன் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். எழுதத் தொடங்கி இதற்குள் இரண்டு தடவை எழும்பி யன்னலால் ரோட்டைப் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் கிரீன் ஸ்ட்ரீட்டுக்குள் டபுள் டெக்கர் பஸ்ஸைக் கொண்டு போகிறவள் நான். அப்போதுகூட ரோட்டில் வைத்த கண்ணை எடுக்காதவள், இன்றைக்கு ஒரு தாளில் கண்ணை வைக்க முடியாமல் இருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். சந்தோஷத்திலும் கண் ஓரிடத்தில் நிற்காது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

நாளைக்கு நீ லானைக் கலியாணம் கட்டுகிறாய். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கொஞ்ச நேரத்துக்கு, இந்தக் கலியாணம் இல்லாமல் போயிருந்தது. அந்த நாளின் ஒரு துண்டுதான் உனக்குத் தெரியும்: நீ போனில் என் மேல் கத்திய துண்டு. மிச்சத்தை நேரில் சொல்ல இரண்டு மாதமாகப் பார்க்கிறேன். நீ ஷிப்டில் இருப்பாய், இல்லாவிட்டால் நான் ஷிப்டில் இருப்பேன், இரண்டு பேரும் வீட்டில் இருந்தால் உன் போன் உன் கையில் இருக்கும். எழுதினால் நீ இடையில் குறுக்கிட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் சனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அது தொண்டையில் நிற்கும். நீ லானைப் பற்றி எங்களுக்குச் சொன்ன அதே கிழமை மனோர் பார்க் முழுக்கச் செய்தி போய்விட்டது. கோயில் வீதியில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, “பெடியன் சைனீஸ் பிள்ளையை எடுக்கிறானாம், மெய்யே?” என்று கேட்டார். “வியட்நாம், அன்ரி.” “ஓ, அப்ப பரவாயில்லை.” எதைவிடப் பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். வெள்ளைக்காரப் பிள்ளை என்றால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். கறுப்பினப் பிள்ளை என்றால் செத்தவீடு மாதிரி வந்து துக்கம் விசாரிப்பார்கள். நடுவில் வருகிறவர்களுக்குப் ‘பரவாயில்லை.’ நீ தமிழ்ப் பிள்ளை ஒருத்தியைக் கூட்டி வந்திருந்தால் எந்த ஊர் என்று தொடங்கி, ஊரில் எந்தப் பக்கம் என்று இறங்கி, எந்தக் கோயில் என்று வளைந்து, சாதியில் வந்து நின்றிருப்பார்கள். ஒரே லொறிக்குள் ஒளித்திருந்து ஒருவர் மூச்சை ஒருவர் விட்டு இந்த நாட்டுக்கு வந்த சனம், விசா கிடைத்த அடுத்த நாளே பழைய பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது அந்தக் கேள்வியைத்தான். லானைப் பற்றிக் கேட்க அவர்களிடம் ஒரு கேள்வியும் இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே லானுக்கு ஒரு சேலை கூடுதலாக வாங்கினேன்.

அந்த ஞாயிறுக்கு வருகிறேன். உன் மாமி, அப்பாவின் அக்கா, கோப்பாயிலிருந்து விசிட் விசாவில் வந்து இறங்கி ஒரு மாதம் ஆகியிருக்காது. வாழ்க்கையில் முதல் விமானம், முதல் கையுறை, முதல் எலிசபெத் லைன். ரயிலுக்குள் ஒருவரும் ஒருவருடனும் கதைக்காததைப் பார்த்து, “ஆரும் செத்துப்போச்சினமோ?” என்று காதுக்குள் கேட்டவர். மாமா ஷெல் விழுந்து இறந்தபோது மாமிக்கு இன்று லானுக்கு இருக்கும் வயது. அதிலிருந்து அவர் எத்தனையோ கலியாண வீடுகளுக்குப் பலகாரம் சுட்டிருக்கிறார். மணவறைப் பக்கம் வந்ததில்லை. பின்னுக்கு, சமையல் பக்கம், தூணோடு தூணாக நிற்பார். வராதே என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லாத மாதிரி பழக்கிவிட்டார்கள். ஊரில் நடந்த என் கலியாணத்திலும் அப்படித்தான் நின்றார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

லான் வீட்டில் குடும்பமாகச் சாப்பாட்டுக்கு வரச் சொல்கிறார்கள், மாமியையும் கட்டாயம் கூட்டி வரச் சொல்கிறார்கள் என்று நீ சொன்னாய். அவ்வளவுதான் சொன்னாய். என்ன நாள், என்ன விசேஷம் என்று நீயும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் பெண் பார்க்கப் போகிற மாதிரி நினைத்துக்கொண்டோம். பிறகு ரயில்வே சிக்னல் ஏதோ பழுதாகி உன்னை அந்தக் காலையில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். “நீங்கள் போங்கோ, நான் பின்னேரம் வாறன்” என்றாய். மாமி முதல் நாளே பயறு வறுத்துப் பயத்தம் உருண்டை பிடித்து ஒரு பிஸ்கட் டின் நிறைய அடுக்கி வைத்திருந்தார். “சம்பந்தம் பேசப் போற இடத்துக்கு வெறுங்கையோட போறதே?” மூன்று பேரும் காரில் வெளிக்கிட்டோம். இவ்வளவு வருடம் இந்த ஊரில் இருந்தும் ஆற்றைக் கடந்து தெற்குப் பக்கம் குடும்பமாகப் போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வேறு நாட்டுக்குப் போகிற மாதிரி அப்பா தண்ணீர்ப் போத்தல், குடை, மருந்து எல்லாம் எடுத்து வைத்தார். பிளாக்வோல் சுரங்கத்துக்குள் கார் இறங்கியதும் பின் சீற்றிலிருந்து மாமியின் குரல் வந்தது.

“பிள்ளை, இப்ப எங்களுக்கு மேலால கப்பல் போகுதோ?”

“ஓம் மச்சாள்.”

“அப்ப என்னத்துக்கு மெல்லமாப் போறாய்? கெதியா ஓட்டு.”

டெப்ட்ஃபோர்டில் கவுன்சில் அடுக்குமாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அது வேலை செய்யாததைப் பற்றி ஒட்டியிருந்த கவுன்சில் அறிவித்தலும் மங்கிப்போயிருந்தது. மூன்று மாடி ஏறினோம். கதவுக்கு வெளியே ஒரு செருப்புக் குவியல்! தம்பி, அந்தக் குவியலைக் கண்டதும் எனக்கு ஏற்பட்ட துள்ளலை எப்படிச் சொல்வேன். பெரிய சப்பாத்து, சின்னச் சப்பாத்து, ஒற்றைச் செருப்பு, குழந்தையின் மின்னும் செருப்பு. சாப்பாட்டு வாசனை ரோட்டு வரைக்கும் வந்துகொண்டிருந்தது. மாமி மூக்கை உறிஞ்சி, “கருவாடோ?” என்றார். “மீன் சோஸ்” என்றேன். “அதின்ர தம்பிதான்” என்றார். லான் கதவைத் திறந்து, “வாங்கோ, வாங்கோ! இருங்கோ!” என்றாள். நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய். அவளுக்குப் பின்னால் நின்ற பதினைந்து பேரும் சிரித்தார்கள். லானின் அம்மா குள்ளமான, ஒரு இடத்தில் நிற்காத மனுசி. நகப்பூச்சுக் கடை வேலையில் கை விரலெல்லாம் வெடித்திருந்தது. அந்தக் கையால் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

முன் அறையில் உயரமான ஒரு அலுமாரி. அதன் மேல் பூ, பழம், ஊதுபத்தி, நடுவில் ஒரு கிழவரின் படம். படத்துக்கு முன்னால் அவித்த முழுக் கோழி ஒன்று, தலையும் வாலுமாக, சொண்டில் ஒரு சிவப்புப் பூவோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கறுப்பு பியர் ஒரு கான், சந்திக் கடையில் வாங்கிய மீனும் சிப்ஸும் ஒரு பொதி. அவர்களின் சாமியறை என்று நினைத்துக்கொண்டேன். லானின் அம்மா மாமியின் டின்னை இரண்டு கையாலும் வாங்கி, மூடியைத் திறந்து, பயத்தம் உருண்டையைக் கோழிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஊதுபத்தி மூன்று கொளுத்தி மாமியிடம் நீட்டினார். மாமி ஒரு அடி பின்னுக்குப் போய், “நீ பிடி பிள்ளை” என்று என்னைத் தள்ளினார். அவருக்கு அது பழகிப்போன அசைவு. லானின் அம்மா விடவில்லை. மாமியின் மணிக்கட்டைப் பிடித்து முன்னுக்கு இழுத்து, படத்துக்கு நேரே நிறுத்தினார். “மாமிதான் எல்லாரிலும் மூத்தவர். மூத்தவர்தான் முதல்” என்று லான் ஆங்கிலத்தில் எனக்கு விளங்கப்படுத்தினாள். மாமி கும்பிட்டார். அவர் முதுகைத்தான் நான் பார்த்தேன். ஒரு வீட்டு விசேஷத்தில் மாமியின் முதுகை நான் பார்த்தது அதுதான் முதல் தரம். எப்போதும் அவர் எங்களுக்குப் பின்னால் நிற்பார்.

என் முறை முடிந்து திரும்பும்போதுதான் லானிடம் கேட்டேன், படத்தில் இருப்பது யாரென்று. “தாத்தா. அப்பாவின்ர அப்பா” என்று தமிழில் தொடங்கி, சொல் தெரியாமல் ஆங்கிலத்துக்கு மாறினாள். இன்று அவர் இறந்த நாள். வருடா வருடம் இந்த நாளில் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வைத்து, சொந்தம் எல்லாம் கூடிச் சாப்பிடுவார்களாம்.

உன் அப்பா ஆங்கிலத்தை என்னைவிட நன்றாக விளங்குவார். அவர் முகம் மாறிவிட்டது.

“இஞ்சேரும், இது தெவசமல்லோ?”

“அது எனக்கும் விளங்குது.”

“தெவச வீட்டுக்கோ கலியாணப் பேச்சுக்கு வந்தனாங்கள்?”

“பலகாரத்தையும் வைச்சுப் படைச்சாச்சு” என்றார் மாமி. “அது கிடக்க, தெவசத்துக்குக் கோழியோடா தம்பி?”

“அக்கா, மெல்லக் கதையுங்கோ.”

“அவைக்கு விளங்குதே?”

“தமிழ் விளங்காது. உங்கட முகம் விளங்கும்.”

மூன்று பேரும் உடனே முகத்தைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டோம். சிரிப்பு நன்றாக வரவில்லை. உனக்குத் தெரியும், எங்கள் வீடுகளில் திவசத்தன்று கலியாணம் என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள். கலியாணப் பேச்சுக்கால் தொடங்கும் நாளைப் பஞ்சாங்கத்தில் தேடி எடுக்கிற சனம். இங்கே உன் முதல் சம்பந்தப் பேச்சு ஒரு செத்த மனிதரின் படத்துக்கு முன்னால், செத்த கோழிக்குப் பக்கத்தில்.

ஆனால் சாப்பாடு! நிலத்தில் பாய் விரித்து எல்லோரும் சம்மணம் கட்டி இருந்தோம். மாமி லண்டனுக்கு வந்து முதல் தடவையாக ஒழுங்காக உட்கார்ந்தார். சிவப்பாக ஒரு புழுக்கல் சோறு, ஒட்டும், இனிக்கும். பொரித்த சுருட்டல்கள், உன் அப்பா எத்தனை சாப்பிட்டார் என்று எண்ண நான் விரும்பவில்லை. நாங்கள் இந்து என்று கேள்விப்பட்டு எங்களுக்கென்று தனியாகச் சோயாக் கட்டியில் கறி வைத்திருந்தார்கள். நாங்கள் அதையும் சாப்பிட்டு, அவர்களின் இறைச்சியையும் சாப்பிட்டோம். லானின் அப்பா உன் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். சமையலறை அலுமாரி பொருத்துகிற மனிதர், பேச்சு அசல் தென் லண்டன். சின்ன வயதில் படகில் ஹொங்கொங் போய், அங்கே முகாமில் இருந்து, பிறகு இங்கே வந்தவர். உன் அப்பா லொறிக் கதையை எடுத்தார். அவர் படகில் தண்ணீர் முடிந்ததைச் சொல்ல, இவர் லொறிக்குள் காற்று முடிந்ததைச் சொன்னார். அவர் சூரியனைச் சொல்ல, இவர் பனியைச் சொன்னார். இரண்டு ஆண்களும் யார் அதிகம் கஷ்டப்பட்டது என்று போட்டிக்கு நின்றார்கள். லானின் அம்மா சமையல் பக்கமிருந்து ஏதோ கத்த, எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். “அம்மா சொல்லுறா, இரண்டு பேரும் செத்திருந்தால் இவ்வளவு பாத்திரம் கழுவத் தேவையில்லையாம்” என்றாள் லான், ஆங்கிலத்தில். பஸ்ஸில் ஒருவன் என்னைப் பார்த்து உன் நாட்டுக்குப் போ என்று கத்தியதைச் சொன்னேன். லானின் அப்பாவுக்கும் ஒரு வீட்டில் அலுமாரி பொருத்திக்கொண்டிருந்தபோது அதே வசனம் கிடைத்ததாம். வேலையை முடித்துவிட்டுப் போகவோ, இப்போதே போகவோ என்று கேட்டாராம். நான் வயிறு நோகச் சிரித்தேன். இந்த ஆட்களை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும் போல இருந்தது.

பிறகுதான் நடந்தது. லான் தன் அண்ணனோடு கீழே முற்றத்துக்குப் போய்விட்டாள். தாத்தாவுக்குக் கடதாசிச் சட்டையும் கடதாசிக் காசும் ஒரு தகரத்தில் போட்டு எரிப்பது அவர்கள் வழக்கம். லானின் அப்பா எழும்பி, சட்டையை இழுத்துவிட்டு, படத்துக்கு முன்னால் நின்று தங்கள் மொழியில் நெடுநேரம் கதைத்தார். இடையில் உன் பெயர் கேட்டது. கதைத்து முடித்து எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கோர்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். பூசை முடிந்தது, சாப்பிட்டவர்கள் எழும்பவேண்டிய நேரம் என்று நாங்கள் நினைத்தோம்.

எழும்பினோம். செத்தவீட்டிலும் திவச வீட்டிலும் எப்படி எழும்புவோமோ அப்படி எழும்பினோம். ‘போயிட்டு வாறம்’ என்று சொல்லக்கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு அந்த வீட்டுக்கு வரவேண்டி வரும் என்று பயம். சத்தமில்லாமல் இறங்கவேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது, அங்கிருந்து ஒன்றும் கையில் கொண்டுவரக்கூடாது. நல்ல நேரம் பார்க்கிறவர்களைக் கண்டால் வாய்க்கு வந்தபடி பேசுகிறவள் நான். உன் ஜாதகத்தையே எங்கே வைத்தேன் என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு மூளை ஒன்றும் செய்யவில்லை, கால் தானாக நடந்தது. லானின் அம்மா ஓடி வந்து ஒரு பை நிறையச் சாப்பாடு இரண்டு கையாலும் நீட்டினார். நான் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. அவர் மறுபடியும் நீட்டினார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். மேல் பல்கனியிலிருந்து அவர் கூப்பிட்ட சத்தம் கார் வரைக்கும் கேட்டது. “திரும்பிப் பாராதையும்” என்றார் அப்பா. நான் பார்க்கவில்லை.

சுரங்கத்துக்கு முன்னால் நீண்ட வரிசை. கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது உன் கோல் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா, வட் டிட் யூ டூ?”

“என்னடா?”

“லான் அழுறா. அவளின்ர அப்பா தாத்தாவிட்ட பெமிஷன் கேட்டவராம். நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பி வந்திட்டீங்களாம். சாப்பாட்டையும் தள்ளிவிட்டீங்களாம். தாத்தாவுக்கு முன்னால நோ சொல்லிப்போட்டுப் போயிட்டினம் எண்டு அவை கலியாணம் வேண்டாமெண்டு சொல்லினம்.”

“இல்லையடா, அது...”

“யூ எம்பரஸ்ட் மீ, அம்மா.” வைத்துவிட்டாய்.

அப்பா போனை மடியில் கவிழ்த்து வைத்தார். அந்த நிமிடம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. உன் பெயரைச் சொன்னதிலேயே எங்களுக்கு விளங்கியிருக்கும் என்று லானின் அப்பா நினைத்திருக்கிறார். அவர்கள் எங்களைத் திவசத்துக்குக் கூப்பிட்டது, அந்த வீட்டின் மூத்த மனிதருக்கு எங்களைக் காட்டத்தான். அவர் சம்மதம் இல்லாமல் அந்த வீட்டில் கலியாணம் இல்லை. அவர்களிடம் இருந்த மிகப் பெரிய மரியாதையை எங்களுக்குத் தந்தார்கள். நாங்கள் எங்களிடம் இருந்த மிகப் பெரிய மரியாதையைத் திருப்பிக் கொடுத்தோம். அது அவர்கள் முகத்தில் அறைந்த மாதிரிப் போய் விழுந்தது.

“பேந்து போன் பண்ணி விளங்கப்படுத்துவம்” என்றார் அப்பா. “இறங்கின வீட்டுக்குத் திரும்பிப் போறது சரியில்லை.”

பின் சீற்றிலிருந்து மாமி சொன்னார்: “என்ர தலைமுடி நரைச்சுப்போச்சு. இதுவரைக்கும் ஒரு மனுசரும் என்னைக் கையில பிடிச்சு முன்னுக்கு விட்டதில்லை. அந்த மனுசி விட்டவா. நீ போன் பண்ணுறதெண்டால் பண்ணு தம்பி. என்னை இஞ்ச இறக்கிவிடு, நான் நடந்து போறன்.”

“அக்கா, இது மோட்டர்வே மாதிரி ரோட்டு.”

“அப்ப திருப்பச் சொல்லு.”

நான் திருப்பிவிட்டேன். சுரங்கத்துக்கு முன்னால் விலகிப் போகும் கடைசி ரோட்டுக்காக இரண்டு லேன் குறுக்கே வெட்டினேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் அடித்த ஹோர்ன் டெப்ட்ஃபோர்டுக்கே கேட்டிருக்கும். பஸ்ஸில் அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே லைசென்ஸ் போயிருக்கும். அப்பா கதவின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றார். மாமி, “இப்பிடி ஓட்டத் தெரிஞ்சு வைச்சுக்கொண்டோ காலமை அப்பிடி ஊர்ந்து வந்தனி?” என்றார்.

மூன்று மாடியும் மாமி எங்களுக்கு முன்னால் ஏறினார். லான் கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. எங்களைக் கண்டு ஒரு கணம் தடுமாறினாள். பிறகு பழக்கத்தில் “வாங்கோ” என்றாள். தம்பி, அந்த ஒரு ‘வாங்கோ’வுக்காக நீ சாகும்வரை அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கலாம். மாமி ஒருவரையும் பார்க்காமல் நேரே அலுமாரிக்குப் போய், தானே ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தி, படத்தைப் பார்த்துத் தமிழில் கதைக்கத் தொடங்கினார். “ஐயா, நாங்கள் சொல்லாமல் போனது உங்களை மதியாமல் இல்லை. உங்கட வீட்டில இன்னொரு சாவு விழக்கூடாதெண்டுதான். எங்கட பழக்கம் அது. உங்களுக்கு அது தெரியாது, எங்களுக்கு உங்கட பழக்கம் தெரியாது. பிள்ளையளைப் பிரிச்சுப்போடாதேங்கோ.” அந்தக் கிழவர் கறுப்பு பியருக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன், லான் அழுதுகொண்டே தன் மொழியில் சொன்னாள். லானின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு மாமியையே பார்த்தார். பிறகு லானின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். “அம்மா சொல்லுறா” என்றாள் லான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “தாத்தா ஒவ்வொரு வருஷமும் வாறவராம். நீங்கள் மட்டும் ஏன் திரும்பி வாறதுக்குப் பயப்பிடுறீங்கள்?”

லானின் அப்பா மறுபடியும் சட்டையை இழுத்துவிட்டுப் படத்துக்கு முன்னால் நின்றார். இந்தமுறை லான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டோம். கடைசியில் அவர் திரும்பியபோது உன் அப்பா, அதிகம் வாய் திறக்காத அந்த மனிதர், “ஓம். சம்மதம்” என்று ஊர் அதிரச் சொன்னார். மறுபடியும் சாப்பாடு. மறுபடியும் சுருட்டல்கள். நீ வேலை முடிந்து படியேறி ஓடி வந்தபோது மாமியும் லானின் அம்மாவும் ஒரே பாயில் இருந்து ஒருவர் கறியை ஒருவர் ருசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன நடந்தது என்று நீ கேட்டாய். “ஒண்டுமில்லை, சாப்பிடு” என்றேன். அதுதான் நான் மறைத்தது.

அன்று புறப்படும்போது பையை இரண்டு கையாலும் வாங்கினேன். வாசலில் செருப்பைப் போட்டுவிட்டுத் திரும்பி, படத்தையும் பார்த்து, அவர்களையும் பார்த்து, “போயிட்டு வாறம்” என்றேன், தமிழிலேயே. அந்த இரண்டு சொல்லும் வாயில் வர எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏனென்று காரில்தான் விளங்கியது. சண்டைக் காலத்தில், ஊரில் கலியாணம் முடிந்த கொஞ்ச நாளில், பதினெட்டு வயதில் நான் வீட்டை விட்டு வெளிக்கிட்ட விடியற்காலை, என் அப்பா படலையில் நின்று, “சொல்லாமல் போ பிள்ளை, அயலுக்குக் கேட்டிடும்” என்றார். சொல்லாமல் வந்தேன். திரும்பியும் போகவில்லை. அவர் இறந்தபோது என் கையில் விசா இல்லை. அதைத் தர வேண்டிய அலுவலகத்துக்கு அவசரம் இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதமாட்டேன், நாளைக்குக் கலியாணம். வீட்டுக்கு வந்ததும் அப்பா திவச வீட்டுத் தீட்டுப் போகத் தலையில் தண்ணீர் வார்த்துத் தோய்ந்தார், பழக்கம், விடு. நான் தோயவில்லை. குசினியில் நின்றபடியே பையைத் திறந்து சாப்பிட்டேன்.

இப்போது அம்மாவின் புத்திமதி, சகித்துக்கொள். லானை உன் மொழிபெயர்ப்பாளராக வைத்திருக்காதே. அன்று அவள் கீழே போன கொஞ்ச நேரத்தில் இரண்டு குடும்பம் உடைந்தது. ஒரு பிள்ளையின் நாக்கில் இவ்வளவு பாரம் ஏற்றக்கூடாது. அவள் மொழியை நீ படி. அவள் ‘வாங்கோ’ படித்துவிட்டாள், நீ இன்னும் ஒன்றும் படிக்கவில்லை. ஒரு வீட்டுக்குப் போகும்போது என்ன நாள் என்று கேள். கேட்பதால் ஒருவரும் குறைந்துபோவதில்லை. அவள் செய்வது உனக்குக் கோபம் தந்தால், அது அவள் வீட்டில் மரியாதையாக இருக்கலாம் என்று ஒரு தரம் யோசி. யோசித்த பிறகும் கோபம் வந்தால் சண்டை பிடி, தாராளமாகப் பிடி. ஆனால் போனை வைக்காதே. நீ வைத்த அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நாளைக் காலை உன்னைக் குளிக்க வார்க்க முன்னம் பாலில் தோய்த்த அறுகம்புல்லை உன் தலையில் வைப்பார்கள். அப்டன் பார்க் கடைக்காரன் அறுகம்புல் என்று தந்தது எனக்கு ஏதோ பார்க்கில் பிடுங்கிய புல் மாதிரித்தான் இருக்கிறது, பரவாயில்லை. அதைச் சோடி சோடியாகப் புருசன் பெண்சாதிதான் வைப்பது வழக்கம். நாளைக்கு முதலாவதாக வைக்கப் போவது உன் மாமி, தனியாக. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இன்றிரவே குசினிக்குள் ஒளித்துவிடுவார். எல்லோரும் கூடி நிற்கும்போது நீ எழும்பிப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து முன்னுக்குக் கூட்டி வா. லானின் அம்மா பிடித்த மாதிரி, விடாமல். அன்ரிமார் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவர்களுக்கு நான் பதில் வைத்திருக்கிறேன், அதை உன் கலியாண நாளில் நீ கேட்காமல் இருப்பது நல்லது.

கலியாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உங்கள் ஃபிளாட்டுக்குப் போகும்போது கார் காத்திருக்கும், ஆட்கள் அவசரப்படுத்துவார்கள். நீ அவசரப்படாதே. வாசலில் நில். என் முகத்தைப் பார்த்து அந்த இரண்டு சொல்லையும் சொல்லிப்போட்டு இறங்கு. லானுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், உன்னைவிட வடிவாகச் சொல்கிறாள். உனக்குத்தான் பழக்கமில்லை. இன்றைக்குக் காலமையும் காதில் வயரைச் செருகிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல்தான் இறங்கிப் போனாய். நான் இரண்டு தடவை யன்னலுக்கு எழும்பிப் போனது அதற்குத்தான்.

இதோ, கீழே கேட் சத்தம் கேட்கிறது. மூன்றாம் தடவை எழும்புகிறேன்.

அம்மா